மணலில் ஓர் இரவு

இளைப்பாறுவதும் வழிபடுவதும் வேறுவேறா? மாமல்லபுரத்தின் மாசி மகம் இல்லை என்கிறது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த அந்தக் கடற்கரைக்குப் பல ஊர் இருளர் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. மணலில் கம்பு நட்டு, சேலையைச் சுற்றிக் குடில் போட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு இரவு தங்குகிறார்கள். விடியலில் மணலிலேயே படி அமைத்துக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். கல்யாணமும் காதுகுத்தும் அதே கரையில்தான். இதில் எது விடுமுறை, எது பூசை என்று கோடு கிழிக்க முடியாது. கிழிக்க வேண்டியதும் இல்லை என்பேன்.

உடலை ஒடுக்கினால்தான் பக்தி, சோறும் சிரிப்பும் அதைச் சிதறடிக்கும் என்பார்கள். காஞ்சி மரபே அதற்கு முழுதாக இசையவில்லை. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்குள் எழுந்தருளி மண்டபத்தில் தங்கிவிட்டு, பிறகு பாலாற்றுக்குப் போகிறார். சாமியே வெளியூர் போய் இளைப்பாறும்போது அடியவருக்கு மட்டும் ஏன் தடை? அப்படியானால் ஈ.சி.ஆரில் நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் காட்டேஜும் வழிபாடா என்று மடக்கலாம். நியாயமான கேள்விதான். வாடகையும் ஏ.சி.யும் குற்றமில்லை; ஆனால் காட்டேஜின் சுகமே மற்றவர் நுழையாத வேலியில் இருக்கிறது. இருளர் குடிலுக்கோ கதவே கிடையாது. பக்கத்துக் குடிலில் பெண் பார்த்து, அங்கேயே சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள்.