கட்டுச்சோறு

எங்கள் பாடசாலையில் நீண்ட காலம் கணிதம் படிப்பித்த சேர் சென்ற வருடம் 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லோரும் "இனி சேர் ஆறுதலாக இருக்கலாம்" என்று பேசினோம். நானும் அதைத்தான் பேசினேன். ஓய்வு பெறுகிறவரைப் பார்த்து வேறென்ன பேசுவது என்று எவருக்கும் தெரியாது. அடுத்த கிழமையே அவர் வெள்ளண எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் சீனி வருத்தத்துக்காக நடக்கிறார் என்றே நினைத்தேன். ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வரும்போது சந்தியில் கண்டு கேட்டேன். "கதிர்காமத்துக்கு நடக்கப் போறன் தம்பி. வாற ஆடிக்கு. அதுக்குத்தான் காலைப் பழக்கிறன்" என்றார்.

கதிர்காமப் பாதயாத்திரை கிழக்கில் பிறந்தவர்களுக்குப் புதினமல்ல. யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை வழியாகக் கரையோரம் இறங்கி, எங்கள் மூதூர்ப் பகுதியைத் தாண்டி வெருகலுக்கு வருவார்கள். பிறகு வாகரை, மட்டக்களப்பு மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை. உகந்தை முருகன் கோயிலோடு ஊர்மனை முடிந்துவிடும். அதற்கப்பால் கூமுனைக் காடும் யால காடும்தான். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யானையும் கரடியும் உலாவும் காட்டுக்குள் நாலைந்து நாள் நடந்து மாணிக்க கங்கையைக் காண வேண்டும். அந்தக் காட்டுப்பாதையை வருடத்தில் சில நாட்கள்தான் திறந்து விடுகிறார்கள். முழுத் தூரமும் நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதம் செல்லும். சேர் வெருகலில் சேர்ந்துகொள்வதாகத் தீர்மானித்திருந்தார். அங்கிருந்து மட்டும் ஏறக்குறைய 300 கிலோமீற்றர்.

கதிர்காமத்தில் எங்களுக்கும் ஒரு பள்ளி உண்டு. ஹிழ்று (அலை) அவர்களின் பெயரோடு சேர்த்து அந்த இடத்தைச் சொல்லும் பழைய வழக்கு எமது முன்னோரிடம் இருந்தது. இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வழக்கை நான் இங்கே அவிழ்க்கவில்லை. உம்மா இளமையில் பார்த்ததைச் சொல்லுவா: வேலோடு வந்த கூட்டம் புளிய மரத்தடியில் இருக்கும், மூத்தும்மா குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வைப்பா, இரண்டு பக்கத்திலும் ஒரு பேச்சும் இராது. தண்ணீர் குடித்துவிட்டுக் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்களாம்.

எனக்குச் சேரின் முடிவு பிடிக்கவில்லை. இதை ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும். சீனி வருத்தக்காரன், 60 வயது. மூதூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு நாளில் போய்ச் சேரலாம். போய்ச் சேருவது நோக்கமென்றால் பஸ் போதும். வருந்துவதுதான் நோக்கமென்றால், அப்படியொரு வருத்தத்தை இறைவன் கேட்கிறானா? இந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு ஹதீஸும் கையில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முதியவரைக் கண்டார்கள். அவருடைய இரண்டு மக்கள் இருபுறமும் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். என்னவென்று விசாரித்தபோது, நடந்தே போவதாக நேர்ச்சை வைத்திருக்கிறார் என்றார்கள். இந்த மனிதர் தன்னைத் தானே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று சொல்லி, அவரை வாகனத்தில் ஏறும்படி நபியவர்கள் பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி.

இதைச் சேரிடம் சொன்னேன். வாத்தியார்மாருக்குள்ள குணம், சொன்ன பிறகு வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பெரியவருக்குத் தனிய நடக்க ஏலாமத்தானே பிள்ளையள் தாங்கினது?"

"ஓம்."

"அப்ப அவர் தன்ர காலைக் கேக்காம நேர்த்தி வச்சிட்டார். நான் காலைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். அது ஏலாதெண்டு சொன்னா பஸ்ஸில போவன்."

பிறகு தனது கொப்பியைக் காட்டினார். கணித ஆசிரியர் அல்லவா, சீஆர் கொப்பியில் நிரல் நிரலாகக் கோடு கீறியிருந்தது. திகதி, தூரம், எடுத்த நேரம், வெறும் வயிற்றில் சீனியின் அளவு, காலில் கொப்பளம் உண்டா இல்லையா. தை மாதம் 3 கிலோமீற்றரில் தொடங்கி, பங்குனியில் 11க்கு வந்திருந்தார். பையில் என்னென்ன போகும், ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்றும் ஒரு பக்கம்: இரண்டு வேட்டி, துவாய், சின்னக் கேத்தல், அவல், சர்க்கரை, மாத்திரைகள், சித்தாலேப. சர்க்கரையின் மேல் கோடு கீறி வெட்டிவிட்டு, பிறகு மீண்டும் எழுதியிருந்தார். சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். செருப்பு விஷயத்தில்தான் அவருக்கு மனப்போராட்டம். வெறுங்காலோடு நடப்பதே முறையென்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். சீனிக்காரனின் காலில் முள் குத்தினாலும் தெரியாது, புண் வந்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம், செருப்பில்லாமல் அடி வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கிழமை யோசித்துவிட்டுத் தடித்த அடி வைத்த செருப்பு வாங்கினார். "முருகன் டொக்டரோட சண்டை பிடிக்க மாட்டார்" என்றார்.

அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு எனது ஹதீஸ் எனக்கே வேறு மாதிரி விளங்கத் தொடங்கியது. அது நடப்பதைக் கண்டிக்கவில்லை. பள்ளிக்குத் தூரத்தில் இருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிக்கு அருகே குடிவர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் அதே நபியவர்கள்தான் சொன்னார்கள். ஒருவரை ஏறச் சொன்னவர்கள், இன்னொரு கூட்டத்தாரை நடக்க விட்டார்கள். நடையின் பெறுமதி நடையில் மாத்திரம் இல்லை, நடப்பவனுக்கும் அவனது உடம்புக்கும் இடையிலுள்ள உடன்படிக்கையிலும் இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஆலிம்கள் இதைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

யெமனிலிருந்து சிலர் ஹஜ்ஜுக்கு வரும்போது வழிக்கு ஒன்றும் எடுக்காமல், நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்து, மக்காவில் ஜனங்களிடம் கையேந்தினார்கள். கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை அந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியதாக அறிவிப்பு உண்டு. கட்டுச்சோற்றில் சிறந்தது தக்வா என்று அந்த வசனம் தொடர்வதை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். முதலாவது பாதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மூஸா (அலை) அவர்கள்கூட இரு கடல் கூடும் இடத்தைத் தேடிப் போனபோது மீனை எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

நம்மவர்களில் பெரும்பாலோர் ஹஜ்ஜை பென்சன் பணிக்கொடைக்குத் தள்ளிப்போடுகிறோம். சக்தி பெற்றவருக்கே கடமை என்பதால் காசு சேரும்வரை பொறுப்பது பிழையென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் பணத்தை மாத்திரம் சக்தி என்று கணக்கெடுத்து, முழங்கால் போன பிறகு சக்கர நாற்காலியில் தவாபு செய்யும் பெரியவர்களைப் பற்றி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் சொல்லும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. மிச்சமான காலத்தைத்தானே இறைவனுக்குக் கொடுக்கிறோம் என்று. இதைச் சேரிடம் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "முப்பத்தஞ்சு வருசம் என்ர நேரம் மணிக்கூட்டிலதானே இருந்தது. இப்பதான் கைக்கு வந்திருக்கு. மிச்சம் எண்டு சொல்லாதீங்க தம்பி, சம்பளம் எண்டு சொல்லுங்க" என்றார். நியாயம்தான். இருந்தாலும் எனது சங்கடம் முழுதாகத் தீரவில்லை. அது அவரைப் பற்றியதல்ல, நாற்பதுகளில் இருக்கும் என்னைப் பற்றியது.

நான் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவருடைய நடை பிடிக்காமல் போனதற்கு உண்மையான காரணம் ஹதீஸ் அல்ல.

2006 ஓகஸ்டில், அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்து நான் நியமனம் பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. சண்டை மூதூருக்குள் வந்தது. பள்ளியிலும் பாடசாலையிலும் இரண்டு மூன்று நாள் ஒதுங்கியிருந்த சனம் ஒரு காலையில் கந்தளாயை நோக்கி நடக்கத் தொடங்கியது. வாப்பாவுக்கு முழங்கால் வருத்தம், வீட்டு முற்றத்தைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு புறம் நான், மறுபுறம் தம்பி, எங்கள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஷெல் விழும் சத்தம் கேட்டால் மூவரும் ஒன்றாகக் குந்துவோம், பிறகு அவரைத் தூக்கி நிமிர்த்துவதற்குள் கூட்டம் எங்களைக் கடந்துவிடும். ஒரு போத்தல் தண்ணீர்கூட எடுத்திருக்கவில்லை. உம்மா அடுப்பில் சோறு வைத்தது அப்படியே இருந்தது. வாப்பாவின் ஒரு காற்செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது, அவர் சொல்லவில்லை, இரவு ஓரிடத்தில் இருந்தபோதுதான் பாதத்தைப் பார்த்தோம். முதியவரை இரண்டு மக்கள் தாங்கி வந்த அந்த ஹதீஸை இதற்குப் பிறகு எப்போது படித்தாலும் எனக்குத் தெரிவது எங்கள் மூவரையும்தான். அவரை ஏறச் சொன்னார்கள். எங்களுக்கு ஏற ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மாதமளவில் ஊருக்குத் திரும்பினோம். வாப்பா அதற்குப் பிறகு நடக்கவே இல்லை, இரண்டு வருடத்தில் மௌத்தாகிவிட்டார்.

ஆகவே ஒரு மனிதன் தானாக விரும்பி, திகதி குறித்து, கொப்பியில் கோடு கீறி, 300 கிலோமீற்றர் வருந்தப் போகிறான் என்றால், எங்கள் வருத்தத்தை விளையாட்டாக்குவது போல எனக்குத் தோன்றியது.

இதைச் சேரிடம் ஒரு நாள் சொல்லியும்விட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அவருடைய ஊர் சம்பூர். அதே 2006இல் அவர்களும் ஓடினார்கள், எதிர்த் திசையில். வெருகல் ஆற்றைக் கடந்து வாகரை, அங்கும் சண்டை வந்தபோது வருட முடிவில் காட்டு வழியாக மட்டக்களப்புப் பக்கம். சம்பூர்க் காணிகள் 2015இலிருந்துதான் கட்டம் கட்டமாக விடப்பட்டன. அதுவரை முகாம். வெருகலிலிருந்து வாகரை ஊடாக மட்டக்களப்புக்கு, அவர் இப்போது நடக்கப்போகும் முதல் பகுதி அதே பாதை.

அவர் கொப்பியைத் திறந்து மூன்றாம் நாளைக் காட்டினார். மற்ற நாட்களில் 15, 18 என்று தூரம் போட்டிருந்தது. அந்த நாளில் 0.

"அம்மாவை அந்த இடத்திலதான் வச்சிட்டு வந்தம். கிரியை ஒண்டும் செய்ய நேரமில்ல. ஒரு நாள் இருந்திட்டுப் போவம் எண்டு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பாதத்தில் ஏறும் வலி 2006இல் ஏறிய வலியைவிடக் குறைவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, வயதும் சீனியும் கூடியிருக்கின்றன. ஆனால் அன்று ஒரு போத்தல் தண்ணீர் எடுக்க எங்களுக்கு எவரும் அவகாசம் தரவில்லை. இன்று அவரிடம் ஆறு மாத அவகாசம் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே இருப்பது, எப்போது திரும்புவது என்று அவரே எழுதுகிறார். திரும்பிவிடலாம் என்ற ஒன்று இருப்பதாலேயே முன்னால் வைக்கும் அடி இபாதத் ஆகிறது. துரத்தப்பட்டவன் எத்தனை மைல் நடந்தாலும் அவனிடம் நிய்யத்தைக் கேட்க முடியாது. விளையாட்டு என்று நான் நினைத்த அந்தக் கோடுகள்தான் இரண்டு நடைகளையும் பிரிக்கின்றன. இவ்வளவு விளங்கிய பிறகும் மனத்தின் ஒரு மூலை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் இப்படித் திரும்ப நடக்கக் கிடைப்பதில்லை. வாப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை அவரோடு நானும் போனேன். கந்தளாய்ப் பக்கம் பாதை பிரியும் இடத்தில் அவர் நின்றார். அன்றைக்குப் பிறகு அந்தப் பாதையில் நான் நடந்ததில்லை. பஸ்ஸில் போகும்போதும் யன்னல் பக்கம் இருக்க மாட்டேன்.

"எந்தப் பக்கம் தம்பி?"

கொஞ்சம் நின்றுவிட்டு, "இப்படிப் போய்ப் பாப்பம் சேர்" என்றேன்.

இரண்டாவது மதகில் எனக்குப் போதும் என்றிருந்தது. சொன்னேன். சரி என்று மதகுக் கட்டில் குந்தினார். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து முதலில் எனக்குத் தந்தார், பிறகு அவல் பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு புது நிரல் கீறி, தலைப்பில் என் பெயரை எழுதினார். திகதிக்கு நேரே 1.4 கி.மீ. என்று குறித்தார். கொப்பளம் உண்டா என்று கேட்டார்.