துயரம் தரும் உரிமை எது?

போரில் தோழனை இழந்த சிப்பாயின் முன்னே கைதியொருவன் நிற்கிறான். மௌனஞ் சாதித்தால் மறைக்கிறான், பேசினாற் பொய்யுரைக்கிறான். துயரத்திற் பிறந்த ஐயம் இவ்வாறே தீர்ப்பளிக்கும். சித்திரவதையால் இவ்வையம் தீருமா? வலி, கேட்பவன் விரும்பும் சொல்லையே பிறப்பிக்கிறது. அச்சொல்லை அடித்தவனே நம்புவதில்லை. ஆகவே மீண்டும் அடிக்கிறான்.

துயரமே உரிமையாகுமெனில், 1990 ஒக்டோபரில் புலிகளால் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளங்களிற் கற்பிட்டிக் கரைசேர்ந்த முஸ்லிம் மக்களின் கையிலும் சவுக்கைக் கொடுக்க வேண்டும். பிறகு எவர் கைதான் வெறுங்கையாக இருக்கும்?

நம் நாட்டுச் சட்டமும் இரு நாவாற் பேசியது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்று, அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையைக் கைதியின் தலையில் ஏற்றியது. 1994இன் 22ஆம் இலக்கச் சட்டமோ சித்திரவதையைக் குற்றமாக்கியது.

ஹிட்லரின் படையோடு பொருத பிரெஞ்சுத் தளபதி பொலார்டியேர், 1957இல் அல்ஜீரியாவில் சித்திரவதையை ஏற்க மறுத்துப் பொறுப்பைத் துறந்தார். அதைப் பகிரங்கமாகக் கண்டித்து 60 நாள் சிறையிருந்தார். போரறியாதவரின் மென்மையன்று அது.

முன்னாட் சிப்பாயின் துயரை நாம் மதிக்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளையைப் போருக்கனுப்பியோர் அவன் இழப்பிற் பங்குகொள்ளவில்லை. கைதியின் உடலையே ஆறுதலாகக் காட்டினர். அவன் கணக்குக் கேட்க வேண்டியது அவர்களிடமே.