கடைக் கோபம்

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாம் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அடுத்த மேசையில் இரண்டு இளைஞர்கள் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசியலோ, சம்பளமோ, சாதியோ அவர்கள் பேச்சில் இல்லை. கணினியில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றிய பேச்சு. அவ்விளையாட்டு தமக்குப் பழக்கமான கடைக்கு வராமல் வேறொரு கடையில் மாத்திரம் விற்பனைக்கு வந்துவிட்டதாம், அது துரோகமாம், அதைச் செய்தவர்களுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்கலாகாதாம். அவர்களுக்கு எதிரே, கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்து, இப்பொழுது மகன் வீட்டில் ஓய்ந்திருக்கும் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இளைஞரில் ஒருவருக்குத் தாத்தா. நெடுநேரம் வாய் திறவாதிருந்தவர் கடைசியில் கேட்டார்: “கடை வேறயா இருந்தா என்னப்பா, சரக்கு ஒண்ணுதானே?”

இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். நமக்கோ அந்தக் கேள்வி இலேசானதாகப் படவில்லை. ஒரு பொருளை ஒரே கடைக்குள் அடைத்து விற்பது நியாயமா? அதைக் கண்டு வாங்குகிறவன் கோபிப்பது நியாயமா? அந்தக் கோபம் யார் தலையில் விழவேண்டும்? மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதினால்தான் இவ்விஷயத்தில் இவ்வளவு கூச்சல் எழுந்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விளையாட்டுகளை அறியாத வாசகர்களுக்கு நிலைமையைச் சொல்லிவிடுகிறோம். முன்னெல்லாம் புக்கிட் பிந்தாங்கில் லோயாட் கட்டடம் போன்ற இடங்களுக்குப் போய்க் குறுந்தட்டில் வாங்கிவந்த கணினி விளையாட்டுகள் இப்பொழுது இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் வால்வ் என்னும் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஸ்டீம் என்ற கடைதான் இத்துறையில் நெடுங்காலம் ராஜா. அக்கடை, விற்ற பணத்தில் பொதுவாக நூற்றுக்கு 30 பங்கைத் தரகாக எடுத்துக்கொண்டு மீதியை விளையாட்டைச் செய்தவருக்குக் கொடுத்துவந்தது. 2018 டிசம்பரில் எபிக் என்னும் மற்றொரு நிறுவனம், போர்ட்நைட் என்ற விளையாட்டில் குவித்த செல்வத்தைக் கொண்டு எதிர்க்கடை திறந்தது. “நாங்கள் 12 பங்கு மாத்திரமே எடுப்போம்” என்றது. அதோடு நில்லாமல், பெரிய விளையாட்டுகளைச் செய்தவர்களுக்கு முன்பணம் கொடுத்து, ஓராண்டோ ஆறு மாதமோ கணினி விற்பனையில் தன் கடைக்கே அவை உரியவை என்று உடன்படிக்கையும் செய்துகொண்டது. கலகம் மூண்டது.

2019 ஜனவரி இறுதியில், மெட்ரோ எக்ஸோடஸ் என்ற விளையாட்டு ஸ்டீமில் முன்பதிவுக்கு வைக்கப்பட்டிருந்த நிலையில், வெளிவர இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமே இருக்கும்போது, எபிக் கடைக்கு மாற்றப்பட்டது. முன்பே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே பொருள் கிடைத்தது. அமெரிக்காவில் விலையும் 60 டாலரிலிருந்து 50 டாலராகக் குறைந்தது. இருந்தும் கோபித்தவர்கள் என்ன செய்தார்கள்? அதே தொடரின் பழைய விளையாட்டுகளின்மேல் ஆயிரக்கணக்கில் கெட்ட மதிப்புரைகளை எழுதிக் குவித்தார்கள். பழைய விளையாட்டுகள் இவர்களுக்கு என்ன தீங்கு செய்தன? சம்பந்தி மேல் உள்ள கோபத்தைச் சட்டியில் காட்டுவது நம் வீடுகளில் மாத்திரம் உள்ள வழக்கமன்று என்று தெரிகிறது.

நிற்க. கோபித்தவர்களிடம் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கிய இடங்களில் நியாயம் முழுவதும் அவர்கள் பக்கமே. ஷென்மூ என்ற விளையாட்டின் மூன்றாம் பாகத்தைச் செய்வதற்கென்று 2015-இல் பொதுமக்களிடம் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். கணினிக்கு ஸ்டீம் வழியாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் கொடுத்தார்கள். 2019-இல், எபிக் கடையில் மாத்திரமே கிடைக்கும் என்று அறிவித்தார்கள். கண்டனம் வலுத்த பிறகே, வேண்டாதவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். பீனிக்ஸ் பாயிண்ட் என்ற விளையாட்டும் இதே வழியில் போயிற்று. தேர்த் திருவிழாவுக்கு வசூலித்த காசில் தலைவர் வீட்டுக் கலியாணத்தை நடத்தினால் நாம் சும்மா இருப்போமா? கலியாணச் சாப்பாடு ருசியாயிருந்தது என்பது பதிலாகுமா? முன்பணம் கொடுத்தவன் வெறும் வாடிக்கைக்காரன் அல்லன். ஒப்பந்தத்தில் ஒரு கட்சிக்காரன். அவனைக் கேளாமல் நிபந்தனையை மாற்றுவது வாக்குத் தவறுதலே.

புதுக் கடையின் குறைகளையும் மறைக்க வேண்டுவதில்லை. பல பொருளை ஒன்றாக எடுத்துக் கணக்குத் தீர்ப்பதற்கு ஒரு கூடைகூட அங்கே 2021 டிசம்பர் வரை இல்லை. செந்தூல் சந்து மளிகையிலும் கூடை உண்டு. ஆனால் வேறொரு குற்றச்சாட்டைக் கேட்டபோதுதான் நமக்கு வியப்பாயிருந்தது. எபிக்கில் 2012 முதல் டென்சென்ட் என்ற சீன நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே அக்கடையில் வாங்கலாகாதென்று சிலர் கூவினார்கள். சீனர் மளிகையில் 555 நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதி அரிசியும் பருப்பும் வாங்கி வளர்ந்த நமது ஜனங்களிடம் இந்த வாதம் எப்படிச் செல்லும்?

இனி, அடைத்து விற்பது என்பதன் உண்மையான பொருளை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டுவதில்லை, கிள்ளானே போதும். தோட்டத்துத் தொழிலாளிக்கு ஒரு காலத்தில் எல்லாமே ஒரே கடையாயிருந்தது. வேலை அங்கே, லயம் அங்கே, மளிகை அங்கே, கள்ளும் அங்கே. நகரம் தூரம், கையில் ரொக்கம் இல்லை, கடைக்காரர் எழுதியதே கணக்கு. சம்பள நாளன்று கைக்கு வந்த காசு கடனுக்கும் கள்ளுக்கும் போய்விடும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் தொழிலாளர் கூலி உயர்வு ஒன்றைத்தானா கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றார்கள். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற அவமானம் ஒழியவேண்டும் என்றார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகளின் துப்பாக்கிக்குத் தொழிலாளர் சிலர் இரையானார்கள். அவர்கள் எதிர்த்தது பூட்டை. வெளியே போக வழியில்லாத பூட்டு அது.

அந்தப் பூட்டுக்கு முன் இந்தப் பூட்டை வைத்துப் பாருங்கள். எபிக் கடைக்குள் நுழையக் கட்டணமில்லை. அதே கணினி, அதே மேசை, அதே நாற்காலி. புதிதாக ஒரு கணக்கும் ஒரு கடவுச்சொல்லும் போதும். ஆகவே பெரியவரின் கேள்வி நியாயமான கேள்வியே. “எங்களைச் சிறைப்படுத்துகிறார்கள்” என்று கோபித்தவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: நீங்கள் விடுதலை கேட்கிறீர்களா, அல்லது பழைய கடை ஒன்றே போதும் என்கிறீர்களா? எல்லா விளையாட்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கவேண்டும் என்பது ஒரு கோரிக்கை. எல்லாம் ஸ்டீமுக்கே வரவேண்டும் என்பது முற்றிலும் வேறு. ஸ்டீமில் மாத்திரமே கிடைக்கும் விளையாட்டுகள் எண்ணற்றவை இருந்தன. அவற்றுக்காக ஒருவரும் கொடி பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை? அங்கேதான் சூட்சுமம். பத்து வருஷமாக ஒரே கடையில் வாங்கியவனுக்கு அங்கே நூறு விளையாட்டுகள் சேர்ந்திருக்கின்றன. சிநேகிதர் பட்டியலும், வென்ற பரிசுகளும் அங்கேயே இருக்கின்றன. அவற்றை மூட்டை கட்டி வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது. பேருக்குத்தான் ‘வாங்கினோம்’ என்கிறோம். கலிபோர்னியா மாகாணம் 2024-இல் இதைப் பற்றிச் சட்டம் இயற்றியதை ஒட்டி, அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டீமே தன் கல்லாவின்முன் எழுதிவைத்தது: நீங்கள் பெறுவது விளையாட்டை அன்று, விளையாடுவதற்கான அனுமதியை மாத்திரமே என்று. இத்தனை வருஷமும் சொந்தம் என்று நினைத்தது வாடகையாகப் போயிற்று! இந்தக் கட்டுத்தான் பெரிய கட்டு. பழகிப்போனதால் அது வீடாகத் தோன்றுகிறது. எதிர்க்கடைக்காரன் போட்ட ஓராண்டுக் கட்டு மாத்திரம் விலங்காகத் தோன்றுகிறது.

நமது சினிமாக் கொட்டகைகளிலும் இதே நாடகம் நடந்ததை வாசகர் அறிவர். 2020-இல் பெருந்தொற்றால் கொட்டகைகள் மூடிக்கிடந்தபோது, நடிகர் சூர்யாவின் நிறுவனம் எடுத்த ‘பொன்மகள் வந்தாள்’ நேரே அமேசான் வழியாக வீட்டுத் திரைக்கு வரும் என்றதும், தமிழ்நாட்டுத் திரையரங்க உரிமையாளர்கள், இனி அவர் நிறுவனத்தின் படங்களைத் திரையிடமாட்டோம் என்று முழங்கினார்கள். அவர் செய்த குற்றம் என்ன? பூட்டிய கடைக்கு வெளியே சரக்கை விற்றது. ஆயினும் சினிமாவில் வாங்குகிறவன் படும் கஷ்டம் விளையாட்டில் உள்ளதைவிட அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். 2022-இல் வந்த ‘விக்ரம்’ ஒரு நிறுவனத்திடம், 2023-இல் வந்த ‘ஜெயிலர்’ வேறொன்றிடம், ‘லியோ’ மற்றொன்றிடம் போயின. மூன்றையும் வீட்டில் பார்க்க மூன்று மாதச் சந்தா. தமிழ் அலைவரிசைக்காகவே கூரையில் ஆஸ்ட்ரோ தட்டைப் பொருத்திய கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பத்துக்கு அது நான்காவது சந்தா. மாதச் சம்பளத்தில் கைவைக்கும் பூட்டு மெய்யான பூட்டு. அதைப் பற்றி ஊர்வலம் போன இளைஞரை நாம் காணோம்.

இவ்வளவு கூச்சலில் நமக்கு மிகவும் வருத்தம் தந்தது ஒன்று. ஊப்லெட்ஸ் என்ற சிறு விளையாட்டைச் செய்தவர்கள் இரண்டே பேர், கணவனும் மனைவியும். 2019 ஆகஸ்டில் தாங்கள் எபிக் கடைக்குப் போவதாகச் சற்றே கேலியான நடையில் அறிவித்தார்கள். விற்பனை எப்படிப் போனாலும் குறைந்தபட்ச வருமானம் உறுதி என்பதே அவர்கள் சொன்ன காரணம். கேலி தவறாயிருக்கலாம். அதற்குக் கிடைத்த கூலி, ஆயிரக்கணக்கான வசைகளும் கொலை மிரட்டல்களும்! விற்றால்தான் சோறு என்றிருந்த இருவருக்குச் சம்பளம் உறுதியானதை ஊர் கூடித் தூற்றியது. மாதக் கூலி நிச்சயமில்லாத வாழ்வு எத்தகையது என்று தோட்டத்து ஜனங்களுக்கு நாம் சொல்லவேண்டுமா? இரண்டு செட்டிகளுக்குள் போட்டி. அடி வாங்கியவனோ நெசவாளி. நூற்றுக்கு 30 எடுப்பவனையும் யாரும் மிரட்டவில்லை. பணப்பையைத் திறந்து பூட்டுப் போட்டவனுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதற்காக எபிக் நிறுவனத்துக்கு மாலை சூட்டச் சொல்கிறோம் என்று எண்ணவேண்டாம். அதன் தலைவர் டிம் ஸ்வீனி 2019 ஏப்ரலில், ஸ்டீம் நிபந்தனையின்றி 88 பங்கை எல்லாருக்கும் நிலையாகக் கொடுத்தால் தாம் இந்தத் தனி உடன்படிக்கைகளை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். கேட்க இனிமையான சொல்தான். ஆனால் அதே நிறுவனம் 2022 டிசம்பரில், சிறுவர்களின் அந்தரங்கத் தகவல்களைச் சேர்த்ததற்காகவும், விளையாடுகிறவர்களைத் தந்திரமாகப் பணம் செலவிட வைத்ததற்காகவும் தொடரப்பட்ட நடவடிக்கைகளில் அமெரிக்க அரசாங்கத்தோடு 52 கோடி டாலர் கட்ட உடன்பட்டது. தொழிலாளிக்கு அதிகப் பங்கு தருகிறேன் என்று வந்தவனே குழந்தையின் பையில் கைவிட்டான். வியாபாரி தருமம் பேசும்போது கையிலுள்ள தராசையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

அன்று அந்த மேசையில் இவற்றில் பாதியை நாமும் சொன்னோம். இளைஞரில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்கு என் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்” என்றார். ஆசை இயற்கையானதுதான், நமக்கும் புத்தகங்களைப் பல அலமாரிகளில் சிதறவிடப் பிடிக்காது. மற்றவரோ, நாம் எழுந்திருப்பதற்குள் கைபேசியில் புதுக் கடையில் கணக்குத் திறந்துவிட்டார். பெரியவர் அதை எட்டிப் பார்த்தார்.

“எங்க தோட்டத்துக் கடையில கணக்குப் புத்தகம் எப்பவும் கடைக்காரன்கிட்டதான் இருக்கும்,” என்றார். “இதுல யார்கிட்ட இருக்கு தம்பி?”

பேரன் தாத்தாவைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், பிறகு தேநீருக்குக் காசு கொடுக்க எழுந்து போனார்.