ஈடுசெய்யும் பிழைகள்

பழைய சிறுபத்திரிகைகளைப் போட்டு வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. மூலைகளில் ஆணித்தலையோ பலகையின் வெட்டுமுனையோ தெரியக்கூடாது என்று கேட்டேன். அப்படியானால் ஒவ்வொரு பலகையின் இரு முனைகளையும் 45 டிகிரி சரிவாக அறுத்துச் சேர்க்கவேண்டும் என்றார் ஆசாரி. பட்டறையில் மேஜை ரம்பம் இருக்கிறது, பிளேடைச் சாய்த்தால் ஆயிற்று என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை ஒரு பலகைகூட அறுபடவில்லை.

முதலில் மின்சார வயரைப் பிடுங்கினார். பிளேடை நேராக நிறுத்தி, ஒரு பல்லில் சாக்கட்டியால் குறி போட்டார். மேஜையில் நீளவாக்கில் ஓடும் காடியிலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று முன்பக்கத்தில் அளந்தார். பிறகு பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தார். பின்னால் இருக்கிற பல்லையே அளந்துவிடலாமே என்றேன். ‘பிளேடே லேசா நெளிஞ்சிருக்கலாம் சார். வேற பல்லை வச்சுப் பார்த்தா நெளிவைத்தான் அளப்போம்’ என்றார். நண்பர் கவிதைக்கு ஒரு பல், நண்பரல்லாதவர் கவிதைக்கு வேறு பல் என்று அளந்து பழகிய நம்மில் சிலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

நேராக நின்றபோது காடிக்கு இணையாக இருந்த பிளேடு, சாய்த்ததும் பின்பக்கம் விலகியது. பிளேடு சாயும் அச்சும் மேஜையும் ஒரே மட்டத்தில் இல்லாததுதான் காரணமாம். மேஜைக்கும் அதைத் தாங்கும் வார்ப்பிரும்புக்கும் நடுவில் ஒரு தகரத்துண்டைச் செருகி போல்ட்டை முறுக்கினார். முள் 45-ஐக் காட்டியது. அதை அவர் பார்க்கவேயில்லை. பள்ளிப்பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு மூலைமட்டத்தைப் பற்களில் படாமல் பிளேடின் உடம்போடு ஒட்டி வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். இடைவெளி தெரிந்தது. பிளேடைத் தடுத்து நிறுத்தும் போல்ட்டின் முனையில் மரத்தூள் கெட்டியாகப் படிந்திருந்தது.

அரை டிகிரிக்கா இவ்வளவு பாடு என்று கேட்டேன். பெட்டிக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. எட்டும் ஒரே பக்கமாக அரை டிகிரி தவறினால் கடைசி மூலையில் 4 டிகிரி. முதல் மூன்று மூலைகளும் யோக்கியமாகச் சேர்ந்துகொள்ளும்; பழி கடைசி மூலையின்மேல் விழும்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்னும் விடவில்லை. அவசர வேலையென்றால் இத்தனையும் செய்யமாட்டாராம். ஒரு பலகையைப் படுக்கவைத்து அறுப்பார். அதோடு சேரவேண்டியதை உயரமான துணைக்கட்டையோடு பிடித்து நிற்கவைத்து அறுப்பார். பிளேடு 44-ல் நின்றாலும், படுத்த பலகைக்கு 44, நின்ற பலகைக்கு 46. கூட்டினால் 90. மூலைமட்டம் கச்சிதமாக உட்காரும். ஒரேயொரு குறை: 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் ஒரு வெட்டுமுகம் மற்றதைவிட ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ‘மட்டத்துல தெரியாது, விரல் வச்சா தெரியும். இழைப்புளி போட்டு எடுத்துடுவேன்.’

பாங்க் குமாஸ்தாவுக்கு இது தெரியாத விஷயமல்ல. இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று அர்த்தமாகாது. ஒரு தவறை இன்னொரு தவறு சரிக்கட்டியிருக்கலாம். கணக்கியல் பாடப்புத்தகத்திலேயே அதற்குப் பெயர் உண்டு. கணக்கில் பிழையாக இருப்பது பட்டறையில் சாமர்த்தியமாகிவிடுகிறது. விமர்சனத்தில் அது என்ன?

சென்ற வருஷம் ஒரு நண்பரின் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அவர் மிகவும் நம்பியிருந்த நீண்ட கவிதையொன்று பலவீனமானது. அதைத் தகுதிக்கு மேல் புகழ்ந்தேன். புகழ்ந்துவிட்ட கூச்சத்தில், நிஜமாகவே நல்ல ஐந்தாறு சிறு கவிதைகளைத் தகுதிக்குக் கீழே இறக்கினேன். மொத்தத்தில் தொகுதி எங்கே நிற்கவேண்டுமோ அங்கேயே நின்றது. நடுநிலையான மதிப்புரை என்றார்கள். (நம் சூழலில் இந்த வார்த்தையைக் கேட்டாலே உஷாராகிவிடவேண்டும்.) நண்பரும் கைகுலுக்கினார். தீர்ப்பு சரி. அதற்குள்ளிருந்த வாக்கியங்களில் நான் நம்பி எழுதியது ஒன்றுகூட இல்லை.

ஆசாரி செய்ததைத்தானே நானும் செய்தேன் என்று தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் தம் மெஷினின் பிழை எந்தப் பக்கம் என்று அறிந்து, அதை என்னிடமே சொல்லி, மிஞ்சுகிற மில்லிமீட்டரையும் இழைத்து எடுக்கிறார். தவிர, பெட்டிக்காரனுக்கு வேண்டியது மூலை. ஒட்டிய பிறகு வெட்டுமுகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. மதிப்புரையில் ஒருவன் ஒவ்வொரு வெட்டையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கிறான் – எழுதியவன். என் நண்பர் கூட்டுத்தொகையைப் படிக்கவில்லை. நீண்ட கவிதைபற்றிய பத்தியைப் படித்தார், சிறு கவிதைகள்பற்றிய பத்தியைப் படித்தார். அதற்குப் பிறகு அவர் சிறு கவிதை எழுதவில்லை.

பெட்டி வந்துவிட்டது, முறையாகச் சரிசெய்த பிளேடில் அறுத்தது. அந்த மதிப்புரை வந்த இதழும் உள்ளே இருக்கிறது. நண்பர் பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு கவிதை எழுதி அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருக்கிறார். மூன்று வாரமாக மேஜைமேல் கிடக்கிறது.