தாய் சொல்லும் சாட்சி

கைக்குழந்தையையும் வீட்டையும் உத்தியோகத்தையும் ஒருசேரச் சுமக்கும் பெண்ணுக்கு, துணி துவைக்கும் பொடி முதல் குழந்தையின் அரையில் கட்டும் டயப்பர் வரையில், தரை துடைக்கும் திரவம் முதல் பிஞ்சு உடம்பில் தடவும் எண்ணெய் வரையில், பற்பல சாமான்களைக் கம்பெனிகள் விலையின்றி அனுப்பிவைப்பதும், அவள் அவற்றைச் சில நாள் உபயோகித்துப் பார்த்துத் தன் அபிப்பிராயத்தைப் பிற தாய்மார் அறியும்படி எழுதுவதும் பேசுவதும், அமெரிக்காவில் வேரூன்றி இப்போது நம் நகரங்களிலும் சாதாரணமாகிவிட்ட வழக்கம். இதற்குச் சிலருக்குப் பணம் கிடைப்பதுண்டு. பலருக்கு வந்த சாமானே கைம்மாறு. கொடுப்பவர் மனமொப்பிக் கொடுக்கிறார். பெறுபவள் சந்தோஷமாகப் பெற்றுக்கொள்கிறாள். அவள் சொல்லைக் கேட்பவள், கடையில் கண்ட எதையோ வாங்கி ஏமாறாமல் தப்பித்தோம் என்று ஆறுதல் அடைகிறாள். மூவருக்கும் லாபமாக முடிகிற காரியத்தில் தர்மவிசாரத்துக்கு இடமேது என்று தோன்றலாம். ஆயினும் இந்த ஏற்பாட்டில் நான்காவதாக ஒருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார். அவருக்கு வயது ஆறு மாதம். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது.

வீண் கண்டனம் ஒன்றை முதலில் விலக்கிவிடுவது நலம். சௌகரியத்தை நாடும் தாயைக் குறைகூறுவது நம் சமூகத்தில் நெடுநாளைய பழக்கம். பழம்புடவையைக் கிழித்துப்போட்டே பிள்ளைகளை வளர்த்ததாகச் சொல்லும் பாட்டிமாருக்காவது அப்படிச் சொல்லும் யோக்கியதை உண்டு. ஆயுளில் ஒரு துணியையும் அலசிப் பார்த்தறியாத ஆண்மக்கள் இந்தக் கண்டனத்தில் குரல் சேர்ப்பதுதான் வேடிக்கை. இரவில் நான்கு தடவை எழுந்து, விடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஒருத்தி, ஒரு மணி நேர வேலையைக் குறைக்கும் பொருளைத் தேடுவதில் பாவம் ஒன்றுமில்லை. பழமையானது என்ற ஒரே காரணத்தால் ஒரு பண்டம் நிரபராதியாகிவிடுவதும் இல்லை. பிறந்த சிசுவின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக இருந்துவருகிறது! தேனில் தங்கியிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். 1976-ல் இந்த நோய் இனங்காணப்பட்ட பின்னரே தேனின் அபாயம் தெளிவாயிற்று. ஆகவே சிசுவின் மேல் பரீட்சை நடத்துவது புதிய கம்பெனிகள் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. பழைய பரீட்சைகளில், பண்டத்தைக் கொடுத்தவருக்கு விற்பனை என்ற நோக்கம் இல்லாதிருந்தது, வேற்றுமை அவ்வளவே.

வெகுமதி பெற்றுக்கொண்டு, பெற்றதை மறைத்துப் புகழ்வது பொய்ச்சாட்சி என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009-ம் ஆண்டிலேயே, இலவசப் பொருள் பெற்று எழுதுகிறவர்கள் அந்தத் தொடர்பை வெளிப்படச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல் வகுத்தது. இந்தியாவிலும் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு 2022-ல் விதிகள் வந்தன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைபோகிறவருக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம், மறுபடி தவறினால் அது ஐம்பது லட்சம் வரையில் ஏறலாம். 2023 ஜனவரியில் வெளியான விளக்கக் குறிப்பு, புகழ்பவர் அந்தப் பொருளைத் தாமே உபயோகித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. சோப்புப் பொடியாயிருந்தால் தாய் உபயோகிப்பாள். குழந்தைக்கான களிம்பை உபயோகிப்பது என்றால் குழந்தையின் தோலில் தடவுவது என்றே அர்த்தம். சத்தியத்தைக் காப்பாற்றும் பொருட்டு ஏற்பட்ட விதி, நேர்மையுள்ள தாயைத் தன் குழந்தையையே பரீட்சைப் பொருளாக்கும்படி நிர்ப்பந்திக்கிறது. நேர்மையற்றவளோ தடவாமலே தடவியதாகச் சொல்லிவிடுவாள். அவளுடைய குழந்தையாவது தப்பிக்கும்! விதி வகுத்தவர்களைக் குறைசொல்லி இதைத் தீர்த்துவிட முடியாது. சத்தியம் என்ற ஒரே அளவுகோலால் இந்த விஷயத்தை அளந்துவிடலாம் என்ற எண்ணத்திலேயே குறை இருக்கிறது.

ஏனெனில் முற்றிலும் நேர்மையான சாட்சியும் இந்த விஷயத்தில் கேடு விளைவிக்க வல்லது. ஃபிஷர்-பிரைஸ் என்னும் பிரசித்தி பெற்ற கம்பெனி, 2009 முதல் அமெரிக்காவில் ‘ராக் அன் ப்ளே’ என்ற சாய்வான குழந்தைப் படுக்கையை விற்றுவந்தது. தட்டையான தொட்டிலில் கண்மூடாத குழந்தைகள் அதில் கிடத்தியதும் அயர்ந்து தூங்கின. தூக்கத்துக்கு ஏங்கிய தாய்மார் அதை வாயாரப் புகழ்ந்தார்கள். அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. 2019 ஏப்ரலில் அந்தப் படுக்கைகள் ஏறத்தாழ 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சிசுமரணங்கள் அதனோடு தொடர்புபட்டுப் பதிவாகியிருந்தன. சாய்ந்த நிலையில் தலை முன்னே சரிந்தாலோ, குழந்தை புரண்டு முகம் மெத்தையில் புதைந்தாலோ மூச்சு தடைப்படும் என்பதனால்தான், தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாத்தியே கிடத்த வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்திவந்திருக்கிறார்கள். 2022-ல் அமெரிக்கா அத்தகைய சாய்வுப் படுக்கைகளைச் சட்டத்தால் தடுத்துவிட்டது.

இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அன்று பதிவாகியிருந்த அளவில், சுமார் ஒன்றரை லட்சம் படுக்கைக்கு ஒரு மரணம். தன் குழந்தை நலமாகத் தூங்கியது என்று சொன்ன ஒவ்வொரு தாயும் உண்மையைத்தான் சொன்னாள். லட்சம் தாய்மார் கூடி ஒரே வாக்காகச் சொல்லியிருந்தாலும் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஆயினும் அந்த லட்சம் உண்மைகளும் சேர்ந்து ‘இது அபாயமற்றது’ என்ற ஒரு பொய்க்கு ஆதாரமாகிவிட்டன. ஒரு வீட்டின் அனுபவத்தில் புலப்படக்கூடிய விஷயங்கள் உண்டு. ஒரு வீட்டில் எத்தனை நாள் பரீட்சித்தாலும் புலப்படாத விஷயங்களும் உண்டு. சிசுவின் உயிரைப் பற்றியவை பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

1972-ல் பிரான்ஸ் தேசத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. மோராஞ்ச் என்ற பெயருள்ள குழந்தைப் பவுடரில், தயாரிப்பில் நேர்ந்த பிழையினால் ஹெக்ஸாகுளோரோபீன் என்னும் கிருமிநாசினி நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் கலந்துவிட, 36 குழந்தைகள் மாண்டுபோயின. பிழைபட்ட தயாரிப்புக்கு முந்திய டப்பாவை வாங்கிய தாயிடம் அந்தப் பவுடரைப் பற்றிக் கேட்டிருந்தால் நல்ல வார்த்தையன்றி வேறென்ன சொல்லியிருப்பாள்? சிசுவின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மேலே பூசியது உள்ளே செல்வதும் அந்த அளவுக்கு அதிகம். தாய் தன் முன்கையில் தடவிப் பார்த்துக் குழந்தைக்கு ஆகும் என்று தீர்மானிப்பது அன்பின் காரியம்தான். ஆனால் அது பரிசோதனை ஆகாது.

நம் நாட்டில் கிரைப் வாட்டரை அறியாத வீடில்லை. 1851-ல் நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் உட்வர்ட் தயாரித்த அந்த மருந்தில் ஆதியில் மதுசாரம் கலந்திருந்தது. பிரிட்டனில் அது நீக்கப்பட்டது 1990-களில்தான். குடித்த குழந்தை அழுகையை நிறுத்தியது உண்மை. எதனால் நிறுத்தியது என்று விசாரிக்காமல், தாய் மகளுக்கும் மகள் பேத்திக்கும் அந்தச் சாட்சியைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்வதையே விளம்பரமாக்கித் தொலைக்காட்சியில் காட்டியதும் பலருக்கு நினைவிருக்கும். தாயின் சொல்லுக்கு உலகில் இருக்கும் மதிப்பை வியாபாரி நன்கு அறிவான். விலையின்றி வரும் பெட்டியைக் கொடுத்து அவன் வாங்குவது அந்த மதிப்பைத்தான்.

அப்படியானால் தாய் எதைப் பற்றியும் வாய் திறக்கலாகாதா? தாராளமாகத் திறக்கலாம். இரவு முழுதும் டயப்பர் கசியாமல் தாங்குகிறதா, ஒரு கையில் குழந்தையை ஏந்திக்கொண்டு மறு கையால் டப்பாவின் மூடியைத் திறக்க முடிகிறதா, மஞ்சள் கறையும் பால் வாடையும் ஒரே துவையலில் போகின்றனவா, பால்புட்டியின் கழுத்தில் பிரஷ் நுழைகிறதா, கொடுத்த காசுக்குத் தகுமா என்பன போன்ற விஷயங்களில் அவளைவிடத் தேர்ந்த நீதிபதி வேறெவருமில்லை. ஆய்வுக்கூடத்து நிபுணர்களும் அவளிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டியவர்களே. சௌகரியத்தைப் பற்றி அவள் கூறும் தீர்ப்பு பிரமாணமாகும். குழந்தைக்குத் தீங்கற்றது, மிருதுவானது, எந்த வயதுக்கும் ஏற்றது என்ற வாசகங்களைக் கம்பெனியின் அட்டையிலிருந்து எடுத்துத் தன் சொந்த வாக்காக அவள் ஒப்பிக்கத் தொடங்கும்போதுதான் சாட்சி தன் எல்லையைக் கடக்கிறது.

‘ஒரு பொருளை எந்தக் குழந்தையாவது முதன்முதலாக உபயோகித்துத்தானே ஆக வேண்டும்? கடையில் காசு கொடுத்து வாங்குகிற தாயும் பரீட்சிக்கத்தானே செய்கிறாள்?’ என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை லேசானதன்று. ஆனால் குழந்தையின் அரையில் புண் கண்டு களிம்பு தேடுகிற தாய், குழந்தையின் தேவைக்காகப் பண்டத்தை நாடுகிறாள். பெட்டி வந்துவிட்டதே, வாரக்கடைசிக்குள் எழுதியாக வேண்டுமே என்று களிம்பு தடவுகிற தாய், பண்டத்தின் தேவைக்காகக் குழந்தையை நாடுகிறாள். முன்னதில் குழந்தை லட்சியம். பின்னதில் அது கருவி. இந்த மாதம் ஒரு எண்ணெய், அடுத்த மாதம் வேறொரு லோஷன் என்று மாற்றிக்கொண்டே போகும்போது தோலில் தடிப்பு ஒன்று கண்டால், காரணம் எது என்று மருத்துவரால்கூடச் சொல்ல முடியாது. ஒரு மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பரிசோதிப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அபாயங்களை விளக்கிப் பெற்றோரிடம் எழுத்துமூலமான சம்மதம் பெற வேண்டும், தீங்கு நேர்ந்தால் ஈடு கொடுக்க வேண்டும். வாசற்படியில் வந்திறங்கும் பெட்டிக்கு இவற்றுள் ஒன்றும் கிடையாது. கூரியர்காரர் நீட்டும் காகிதத்தில் போடும் ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

இலவச மாதிரியின் சரித்திரத்தில் பால்மாவுக்குத் தனி இடம் உண்டு. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி, இனிப்பூட்டிய டப்பாப்பாலைச் சிசுக்களுக்கு ஏற்றதென்று தாய்மாரிடம் பரப்பியவர்களைக் கடுமையாகச் சாடினார். பிரசவமான நாட்களில் ஒரு டப்பா மாவு இலவசமாகக் கையில் கிடைத்தால், குழந்தை புட்டியில் குடிக்கக் குடிக்கத் தாயிடம் சப்புவது குறையும். சப்புவது குறையக் குறையப் பால் சுரப்பது குறையும். டப்பா தீரும் சமயத்தில் தாய்ப்பாலும் வற்றி, அடுத்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகலாம். சுத்தமான தண்ணீருக்கு வழியற்ற வீடுகளில் அதன் முடிவு என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 1981 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, இத்தகைய மாதிரிகளைத் தாய்மாருக்கு வழங்குவதைத் தடுக்கும் நெறித்தொகுப்பை 118 நாடுகளின் வாக்கால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992-ல் தனிச்சட்டமே இயற்றிற்று. தாய்ப்பாலுக்கு மாற்றான மாவு, பால்புட்டி, சிசு உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதும் மாதிரியாகக் கொடுப்பதும் மூன்றாண்டு வரையில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

பழியைத் தாயின் தலையில் ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பது அநியாயம். மாதச் சம்பளத்தில் டயப்பருக்கென்று ஒரு தொகை ஒதுக்கவும் திணறும் குடும்பத்தில், ஒரு பெட்டி இலவசமாக வருவது அற்ப உபகாரமன்று. அதைப் பெற்றுக்கொண்டவளைப் பேராசைக்காரி என்பவர் பசியறியாதவர். பரீட்சை நடத்த வேண்டிய கடமை தயாரிப்பாளரைச் சேர்ந்தது; அதற்கு ஆகும் செலவும் அவரைச் சேர்ந்தது. தாய்மாரின் வாய்ச்சொல்லை அந்தப் பரீட்சைக்கு ஈடாகக் காட்டி விற்கிறவரே இதில் முதற் குற்றவாளி. அறிந்தும் துணைபோகும் தாய் இரண்டாவது. அறியாமல் துணைபோகிறவளைக் குற்றவாளி என்று சொல்ல மனம் வரவில்லை.

1992-ம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் வாய்க்குள் செல்லும் பாலோடும் உணவோடும் நின்றுவிட்டது. தோலில் தேய்க்கும் எண்ணெய், பவுடர், களிம்பு இவற்றையும் தூங்கவைக்கும் படுக்கையையும், எழுதிப் புகழ வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாருக்கு இலவசமாக அனுப்புவதையும் சட்டசபைகளும் பாராளுமன்றமும் அவ்வாறே தடுக்க வேண்டும். துணிப்பொடியும் தரை துடைக்கும் திரவமும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கட்டும்; அவற்றைத் தாய்மார் வேண்டியமட்டும் பரீட்சிக்கட்டும், மூடியை இறுக்கிக் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்துக்கொண்டு.