பணம் அனுப்பினால் போதுமா?

மாதம் பிறந்து ஐந்தாறு நாட்களுக்குள் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டால், இல்லாளுக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்தது என்று எண்ணுவது நம் வியாபாரிகளிடையே பரம்பரையாக வந்த வழக்கம். பற்றுக்கு வரவு வைத்துக் கணக்கை நேர் செய்வதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால் அன்பும் அப்படி நேராகிவிடக் கூடிய கணக்குதானா? நாம் ஆலிம் அல்லோம்; மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்த அளவோடு கடைக்கு வந்தோம். என்றாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நேரங்களில் இக்கேள்வி நம்மை விட்டபாடில்லை.

நாகூர்ப் பக்கத்தில், கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் ‘சபராளி’ என்பார்கள். சபர் என்றால் பிரயாணம். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலும், அதன் பின் வந்த சிதம்பரம் கப்பலும் இத்தகைய சபராளிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்து இக்கரையில் இறக்கின. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. இங்கே மூன்று வருஷம், அங்கே ஆறு மாதம் என்று அவர்கள் வாழ்ந்ததாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது வருஷ இல்லறத்தில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஏறக்குறைய நாலேகால் வருஷம். மீதி இருபத்தைந்தே முக்கால் வருஷமும் தபால்தான்.

நம்முடைய பாட்டனார் தம் மனைவிக்கு அரபுத் தமிழில்தான் கடிதம் எழுதுவாராம். அந்நாளில் நம் பெண்கள் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஓதப் போன இடத்தில் கற்ற அரபு எழுத்துத் தெரியும். தபால்காரரிடமோ பள்ளிக்கூடத்துப் பையனிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் வாசிக்கும் கடிதத்தில் ‘நாங்கள் சுகம், உங்கள் சுகத்திற்கு எழுதவும்’ என்பதற்கு மேல் ஒருவன் என்னத்தை எழுதிவிட முடியும்? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. 1945இல் சண்டை முடிகிற வரையில் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. பின்னர் வந்த முதற் கடிதத்தில் பணத்தைப் பற்றிய சேதியும் இருந்ததாம். பாட்டியாரோ உறை மேலிருந்த கையெழுத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரவு எல்லாரும் உறங்கிய பிறகுதான் அதை வாசித்தாராம்.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? உணவு, உடை, இருப்பிடம் ஆகிய நஃபக்கா கணவன் மேல் கடமை. அதற்கு அளவு உண்டு, கொடுத்தால் தீரும். ஆனால் ஸூரத்துர் ரூமின் 21ஆவது ஆயத்து தம்பதிகளைப் பற்றிப் பேசும்போது நஃபக்காவைச் சொல்லவில்லை. ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதையும், அவர்களிடையே வைக்கப்பட்ட மவத்தாவையும் ரஹ்மத்தையும், அதாவது நேசத்தையும் இரக்கத்தையும், சொல்கிறது. இவற்றை மணியார்டரில் அனுப்புவதற்கு வழி இல்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் சம்பவம் ஒன்று நீங்கள் அறிந்ததே. இரவில் நகர்வலம் வந்தபோது, போர்முனைக்குச் சென்ற கணவனை நினைத்து ஏங்கும் பெண்ணொருத்தியின் குரலைக் கேட்டார்கள். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. பயான்களில் இதைக் கேட்கும் நாம் ஓர் இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கலீஃபா அவர்கள் அந்தக் கணவனைக் கண்டிக்கவில்லை. மனைவிக்குப் பொறுமையை உபதேசிக்கவுமில்லை. படைவீரரை அந்தக் காலத்துக்கு மேல் வெளியே நிறுத்தி வைக்கலாகாது என்று தம் உத்தரவையே மாற்றினார்கள். குற்றம் ஆளை அனுப்பி வைத்தவரின் ஏற்பாட்டில் இருக்கிறது என்று கண்டார்கள்.

இந்தியாவில் 1939இல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் இவற்றை வேறு வேறாகத்தான் பிரித்துப் பார்க்கிறது. இரண்டு வருஷம் ஜீவனத்துக்குக் கொடுக்காவிட்டால் மனைவி விலகிக்கொள்ள வழக்காடலாம். நான்கு வருஷம் கணவன் இருக்குமிடமே தெரியாவிட்டாலும் வழக்காடலாம். தக்க காரணமின்றி மூன்று வருஷம் இல்லறக் கடமையைச் செய்யாதிருந்தால் அது தனிக் காரணம். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது என்பது இந்த மூன்றாவதற்குப் பதிலாகாது.

நிற்க. இப்போது நம் கடைக்கு வருவோம்.

தற்காலிக வேலைப் பாஸில் இந்நாட்டுக்கு வருகிறவர் மனைவி மக்களை அழைத்துவந்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அதை மாற்ற நம்மால் ஆகாது. எப்போது லீவு என்பதோ நம் கையில் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் ரொட்டி சானாய் போடும் இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர், நோன்புக்கு ஒரு மாதம் இருக்கையில் வந்து நின்றார். “முதலாளி, வீட்டுல அவளுக்கு இது ஒன்பதாம் மாசம். போயிட்டு வந்துடட்டுமா?” என்றார். பெருநாள் கழியட்டும் என்றோம். பெருநாள் கழிந்தது, வேறோர் ஆள் ஓடிப்போனார், அதற்குப் பின் ஏதோ காரணம். தம்பி தம் பிள்ளையைக் கையில் வாங்கியபோது அதற்குப் பதினான்கு மாதம். இதில் பழியை வேறு எவர் மேலும் போட நமக்கு வாய் இல்லை.

இப்போதுதான் கைப்பேசி இருக்கிறதே, தினமும் முகம் பார்க்கிறார்களே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நாமும் அப்படித்தான் நம்மைத் தேற்றிக்கொண்டோம். கடை அடைத்துத் துடைத்தபின், இரவு பதினொரு மணிக்குத் தம்பி பின்கட்டில் உட்கார்ந்து பேசுவார். ஊரில் அப்போது எட்டரை. “சாப்பிட்டியா?” என்பார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் “சாப்பிட்டியா?” என்பார். சொல்வதற்கு விஷயம் இராது. நம் வீட்டில் பாருங்கள், நமக்கும் வீட்டுக்காரிக்கும் ஒரு நாளில் நடக்கும் பேச்சில் பாதி எதற்கும் உதவாத பேச்சு. ஆணத்தில் உப்பு ஏன் கூடிற்று, அந்த ஜன்னலை யார் திறந்து வைத்தது என்பவை. அவ்வளவும் பக்கத்தில் இருப்பதால் வருகிற பேச்சு. அவற்றை ஒருவன் எட்டரை மணிக்கென்று சேர்த்து வைத்து அனுப்ப முடியுமா?

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. லீவு கொடுத்தாலும் போக மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். ஏஜெண்டுக்குப் பட்ட கடன், தங்கையின் நிக்காஹ், பாதியில் நிற்கும் வீடு. “வெறுங்கையோட போய் என்ன முதலாளி செய்ய?” என்று அவர்கள் கேட்கையில், மவத்தாவைப் பற்றிப் பேச நமக்கு நாக்கு எழுவதில்லை. பாட்டனாரும் ஆசைப்பட்டா கப்பலேறினார்? பணம் அனுப்பியதும் அன்பினால்தான். அது அன்பு முழுவதும் அல்ல என்றுதான் நாம் சொல்கிறோம்.

சுங்கை புரோங்கில் நெல் அறுவடை முடிந்ததும் கடையில் கூட்டம் இருக்கும். சம்சாரிகள் 555 நோட்டில் நின்ற பாக்கியைக் கொடுத்து முடிப்பார்கள். அடுத்த நடவு தொடங்கி வயல் பச்சைப் பிடித்திருக்கும் வாரங்களில் வியாபாரம் மந்தம். ஓர் ஆள் குறைந்தால் கடை கவிழ்ந்துவிடாது. ஆகையால் அந்த வாரங்களில் ஆளுக்கு வருஷம் ஒரு முறை லீவு என்று எழுதி, கல்லாவுக்கு மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். விமான டிக்கெட்டில் பாதி கடைச் செலவு. ரொட்டி போடும் தம்பியின் பெயரை முதலில் எழுதினோம். அவர் போயிருந்த நாட்களில் நாமே மாவு பிசைந்தோம். ரொட்டி வட்டமாக வரவில்லை. வாடிக்கைக்காரர்கள் சிரித்துக்கொண்டே தின்றுவிட்டுப் போனார்கள்.