மருந்தில்லா நோயையும் மண்டியிட வைப்போம்!

பன்றி வளர்க்கும் தோழர்களே, நிமிர்ந்து நில்லுங்கள்! கொட்டில் நிறைய இருந்த பன்றிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்ததும், "எல்லாம் தலையெழுத்து" என்று தொழிலையே விட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. யார் எழுதிய தலையெழுத்து? அது கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்னும் வைரஸ் நோய். அது வரும் வழி நமக்குத் தெரியும். அந்த வழியை அடைக்கவும் தெரியும்.

வந்த பிறகு இதைக் குணமாக்க மருந்து கிடையாது. இதைக் கேட்டதும் பலர் துவண்டு போகிறார்கள். துணிவு பிறக்க வேண்டிய இடமே இதுதான்! மருந்துக் கடையால் முடியாதது உங்கள் கொட்டில் வாசலில் முடியும். நோய் வருமுன் நீங்கள் செய்யும் காரியங்களில்தான் வெற்றி இருக்கிறது.

முடியுமா என்று கேட்பவர்கள் அமெரிக்காவைப் பாருங்கள். 1830-களில் ஓஹாயோவில் இந்த நோய் தலைகாட்டியது. 1885-ல் சால்மன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்து, இதுதான் காரணம் என்றார்கள். பின்னாளில் சால்மோனெல்லா என்று பெயர் பெற்ற அந்தக் கிருமி உண்மையான குற்றவாளி இல்லை. ஏறத்தாழ 18 ஆண்டுகள் தவறான தடத்தில் போயின. ஆனாலும் தேடல் ஓயவில்லை! பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியைத் தாண்டியும் நோய் தொற்றுகிறது, அதனால் காரணம் பாக்டீரியா அல்ல என்பதை 1903-ல் டி ஷ்வைனிட்ஸ், டார்செட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1961-ல் ஒழிப்புக்குச் சட்டம் வந்தது. பண்ணை பண்ணையாகக் கண்காணித்தார்கள். நோய் கண்ட மந்தைகளை அகற்றினார்கள். பன்றிகளின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். 1978-ல் நாடு முழுவதும் அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். நோய் வந்த பின் கொடுக்கும் மருந்து அவர்களிடமும் இருக்கவில்லை. ஒழுங்கும் பிடிவாதமும் இருந்தன!

அசந்தால் பணக்கார நாடும் தப்பாது. 1997-ல் நெதர்லாந்தில் 400-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய் பரவியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பன்றிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. சரியாகக் கழுவாத ஒரு லாரியோடு வைரஸ் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வாசலில் நிற்கும் வண்டியைக் கழுவுவது சின்ன வேலையா? இனி யாரும் அப்படிச் சொல்லாதீர்கள்!

நம் நாட்டிலும் விடாமுயற்சி பலித்திருக்கிறது. முன்பு இந்த நோய்க்கான தடுப்பூசி தயாரிக்க முயல்களைக் கொன்று மண்ணீரலை எடுத்தார்கள். ஒரு முயலில் 50 டோஸ் கிடைத்தாலே அதிகம். நாட்டின் தேவைக்கு அது எந்த மூலைக்கு? இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், நம் மண்ணில் எடுத்த வைரஸைக் கொண்டே செல் வளர்ப்பு முறையில் தடுப்பூசி உருவாக்கியது. 2020-ல் அது வெளியானபோது, ஒரு டோஸ் 2 ரூபாய்க்குள் அடங்கும் என்று அறிவித்தார்கள். விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். மிச்சம் நம் வேலை!

எதிரியின் அடையாளத்தை மனதில் பதியுங்கள். கடும் காய்ச்சல், தீனி எடுக்காமை, ஒன்றின்மேல் ஒன்று படுத்து ஒண்டுதல், பீளை கட்டிய கண், முதலில் மலச்சிக்கல், பிறகு கழிச்சல், பின்னங்கால் தள்ளாட்டம், காதிலும் அடிவயிற்றிலும் ஊதா நிறத் திட்டு. சினைப்பன்றிக்கு வந்தால் கரு கலையும். சில குட்டிகள் நலமாகப் பிறந்ததுபோலத் தெரிந்து மாதக்கணக்கில் வைரஸைப் பரப்பும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் வேறொரு நோயும் பார்வைக்கு இப்படியே இருக்கும். ஆகவே நீங்களே முடிவு கட்டாமல் ஆய்வகச் சோதனைக்கு வழி செய்யுங்கள். இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. பயந்து ஓட வேண்டியதில்லை.

இனி காரியத்தில் இறங்குங்கள்! ஓட்டல் மிச்சத்தைத் தீவனமாகப் போடுகிறவர்களா? அரை மணி நேரம் கொதிக்கவிடாமல் தொட்டியில் ஊற்றாதீர்கள். வேகாத இறைச்சித் துண்டில் வைரஸ் உயிரோடு இருக்கும். புதிதாக வாங்கிய பன்றியை ஒரு மாதம் தனியே கட்டுங்கள். வியாபாரியின் செருப்பும் வண்டியும் கொட்டிலுக்குள் வரக் கூடாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். குட்டிக்கு எப்போது ஊசி என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தாய்ப்பன்றிக்கு ஊசி போட்டிருந்தால் சீம்பாலில் வரும் எதிர்ப்பாற்றல், குட்டிக்குச் சீக்கிரம் போடும் ஊசியை வீணாக்கிவிடும். அதனால் தாய்க்குப் போட்ட தேதியை எழுதி வையுங்கள். தடுப்பூசியைப் பனிக்கட்டிப் பெட்டியில்தான் கொண்டு வர வேண்டும். வெயிலில் கிடந்த ஊசி காக்காது.

இத்தனைக்கும் மேலே ஒரு வீரம் வேண்டும். பன்றி சுருண்டதும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடத் தோன்றும். அந்த ஆசையை வெல்லுங்கள்! நோய்க்குக் கால் கிடையாது; அதைச் சந்தைக்குச் சுமந்து போவது நம் வண்டிதான். விற்காதீர்கள், மறைக்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உங்கள் இழப்பு ஊரின் இழப்பாகாமல் தடுத்தவர் என்ற பெருமை உங்களைச் சேரும்.

இந்தத் தொழிலை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். உங்கள் உழைப்பில்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது, உங்கள் பிள்ளை படிக்கிறது. இன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பக்கத்துக் கொட்டில்காரரையும் கூட்டிப் போங்கள். ஊர் முழுக்க ஒரே நாளில் ஊசி போடக் கேளுங்கள். ஒருவர் மட்டும் காத்தால் நோய் அடுத்த வேலி வழியாக வரும். ஊரே காத்தால் அதற்கு நுழைய இடமில்லை. புறப்படுங்கள்!